கச்சான் என்றால் வலது பக்கம்

1

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை, மதிய உணவு இடைவேளையில், ஆன்றோ அண்ணனின் குரல் செய்தி வந்தது. குளச்சலில் நாங்கள் பந்து விளையாடிய கழகத்துக்கு இப்போது அவர்தான் செயலாளர். பின்னணியில் மீன் ஏலத்தின் கூச்சல் கேட்டது.

"மக்கா ஜெபா, சுகந்தானா? நம்ம தடைக்காலக் கோப்பைக்கு இருபத்தஞ்சாம் வருசம் வருகு. மலர் போடுகோம். ரெஜிய மேடையில ஏத்திப் பொன்னாட போத்துகோம். அவளப் பத்தி ரெண்டு பக்கம் நீ எழுதித் தா. சின்னப் பிள்ளையில இங்க பந்து களிச்சதுல இருந்து காலேஜ் டீம், ஸ்டேட் டீம் வரைக்கும். உனக்குத் தெரிஞ்ச மாதிரி வேற யாருக்குத் தெரியும்?"

அந்தக் கடைசி வாக்கியம் உண்மைதான். எனக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது.

நான் வட ஜெர்மனியில் ஒரு துறைமுக நகரத்தில் இருக்கிறேன். காற்றாலைகளின் பற்சக்கரப் பெட்டி எப்படி அதிர்கிறது என்று அளந்து, எது எப்போது பழுதாகும் என்று முன்கூட்டிச் சொல்வது என் வேலை. முப்பந்தல் வழியாகப் பஸ்ஸில் போகும்போது ஜன்னலில் பார்த்த அதே வெள்ளை இறக்கைகள்தான். இங்கே காற்றுக்குப் பெயர் கிடையாது. எல்லாம் பாகை. மேற்கிலிருந்து வந்தால் இருநூற்று எழுபது. திரையில் அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் நான் மனதுக்குள் 'கச்சான்' என்று சொல்லிக்கொள்கிறேன். பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது தெரியாது.

ஆன்றோ அண்ணன் கேட்ட இரண்டு பக்கம்தான் இது. கொஞ்சம் நீண்டுவிட்டது. மலரில் போடுவதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்துகொள்ளட்டும்.

2

முதலில் மலருக்கு வேண்டியதை எழுதிவிடுகிறேன். இதில் ஒரு சொல்கூட மிகை இல்லை.

சகாய ரெஜி, குளச்சல்காரி. அப்பா கடலுக்குப் போகிறவர். ஆறாம் வகுப்பில் ஓட்டம்: இருநூறு மீட்டர், நானூறு மீட்டர். ஏழாம் வகுப்பில் குண்டு எறிதல். பள்ளியில் குண்டு எறிய ஆள் இல்லாததால் அதற்கும் அவள்தான். பிறகு கபடி, அதன் பிறகு ஹேண்ட்பால். நாகர்கோவிலில் நடந்த மாவட்ட விளையாட்டு விழாவில், ஒரே நாளில் நானூறு மீட்டர் ஓடி முடித்து, ஒரு மட்டி வாழைப்பழத்தைத் தின்றுகொண்டே போய்க் குண்டு எறிந்து, மாலையில் கபடி அரையிறுதியில் இறங்கினாள். "உனக்கு எதுலட்டி இஷ்டம்?" என்று கேட்டால், "எதுல ஆள் கொறவோ அதுல" என்பாள்.

கால்பந்து மட்டும் வேறு. அதில் ஆள் குறைவே கிடையாது. அதில் இடம் பிடிக்க வேண்டும்.

தடைக்காலக் கோப்பை எப்படிப்பட்டது என்று குளச்சலுக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் நம் மேற்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடை. படகுகள் கரையில் நிற்கும். ஆண்களும் கரையில் நிற்பார்கள். நின்றால் சும்மா நிற்க மாட்டார்கள். அந்த மழையிலும் சிறுவர் அணிகளுக்கும் சிறுமியர் அணிகளுக்கும் அணிக்கு ஏழு பேர் என்று போட்டி நடத்துவார்கள். பள்ளிவிட்டு வந்து சீருடைக்கு மேலேயே பனியனை மாட்டிக்கொண்டு இறங்குவோம். கோட்டுக்கு வெளியே முழு ஊரும் நின்று கத்தும்.

கத்துவது எதை? அங்கேதான் நான் முதல் நாள் விழுந்தேன்.

நான் கரைக்காரி இல்லை. இராஜாக்கமங்கலம் பக்கத்தில் வாழை போடுகிற, ஞாயிறு ஆராதனை தவறாத புராட்டஸ்டண்ட் வீடு எங்களுடையது. ஏழாம் வகுப்பில்தான் பஸ் ஏறிக் குளச்சல் பள்ளிக்கு வந்தேன். நீளம் தாண்டுவேன், ஓடுவேன், உயரம் இருந்தது. என்னையும் அணியில் சேர்த்துவிட்டார்கள். முதல் ஆட்டத்தில் பந்து என் காலுக்கு வந்தது. ரெஜியின் அப்பா கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்தினார்:

"ஏட்டி நெட்ட! கச்சானுக்கு அடி! கச்சானுக்கு!"

நான் அண்ணாந்து வானத்தைப் பார்த்தேன். ஊரே சிரித்தது. பந்து போய்விட்டது.

கடலுக்குப் போகிறவர்களுக்குத் திசை என்பது காற்றின் பெயர். கிழக்கு கொண்டல், மேற்கு கச்சான், வடக்கு வாடை, தெற்கு சோழகம். குளச்சலில் கடல் தெற்கே. வெளியே நின்று கத்துகிற அப்பாக்களுக்கும் மாமன்களுக்கும் இடம், வலம் என்று வாயில் வராது. பிள்ளைகளும் அப்படியே பழகியிருந்தார்கள். இடைவேளையில் ரெஜி வந்து என் தோளைப் பிடித்து எதிரணியின் கோல் பக்கம் திருப்பினாள்.

"இங்க பாரு. எந்த ஊரு கிரவுண்டானாலும் அவங்க கோலுதான் நமக்குக் கடல். கடலப் பாத்து நில்லு. சோறு திங்குத கை எது?"

வலது கையைக் காட்டினேன்.

"அதான் கச்சான். மத்தது கொண்டல். முன்ன சோழகம், முதுகுக்குப் பின்ன வாடை. மறந்தா சோத்த நெனச்சுக்க. அத மறக்க மாட்ட, உன் ஒசரத்தப் பாத்தாலே தெரியுகு."

அன்று முதல் நான் நெட்டை. அன்று முதல் எனக்குத் திசையும் அதுதான்.

நாகர்கோவிலுக்கும் மதுரைக்கும் போய் விளையாடத் தொடங்கியபோது அந்தப் பெயர்கள் எங்களுக்குப் பெரிய பலம் ஆயின. வெளியூர் அணிகளுக்கு ஒன்றும் புரியாது. கார்னர் அடிப்பது நான். தலையால் முட்டிக் கோல் போடுவது ரெஜி. நான் "கச்சான்!" என்று கத்தினால் பந்து வலது கம்பத்துக்கு வரும், "வாடை!" என்றால் கோலுக்குப் போகாமல் பின்னால் நிற்பவளுக்கு வரும். எதிரணி என்னையும் என் காலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்கும். எத்தனையோ கோல்கள் அப்படி விழுந்தன. ரெஜி எல்லாவற்றிலும் என்னைவிட நல்ல ஆட்டக்காரி. நான் பந்தை வைக்க வேண்டிய இடத்தில் வைப்பேன், அவ்வளவுதான். அவள் பந்து வருவதற்கு முன்பே அங்கே போய் நிற்பாள்.

3

ஜெர்மனியில் ஓட்டுநர் தேர்வில் நான் ஒருமுறை தோற்றேன். பக்கத்தில் இருந்த அதிகாரி ஜெர்மனில் "வலது" என்றார். அந்தச் சொல் காதில் விழுந்து, தமிழாகி, பிறகு காற்றாகி, பிறகுதான் சோற்றுக் கைக்கு வரும். அதற்குள் திருப்பம் கடந்துவிட்டது. இரண்டாம் முறை வலது கையில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டிக்கொண்டு போய்த் தேறினேன்.

என் மகள் மெர்லினுக்கு ஒன்பது வயது. இங்கே ஒரு சிறுவர் கழகத்தில் விளையாடுகிறாள். இங்கும் அந்த வயதில் அணிக்கு ஏழு பேர்தான். அவளைச் சேர்க்கப் போன அன்று, அவள் பெயருக்குப் பின்னால் அவள் அப்பா பெயர், என் பெயருக்குப் பின்னால் என் அப்பா பெயர் என்பதால், நான்தான் அவள் தாய் என்று நிரூபிக்கச் சொன்னார்கள். பிறப்புச் சான்றிதழ், அதன் மொழிபெயர்ப்பு, அந்த மொழிபெயர்ப்பு சரியானது என்பதற்கு முத்திரை. மூன்றாம் முறை போனபோது மெர்லின் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவரிடம் ஜெர்மனில், "இவர் என் அம்மாதான், பாருங்கள், நான் சொல்வதை எல்லாம் இரண்டு தடவை கேட்பார்" என்றாள். அவர் சிரித்துக் கையெழுத்துப் போட்டார். நான் சிரிக்கவில்லை. இரண்டு தடவை கேட்டால்தான் எனக்குப் புரிகிறது. வருடத்துக்கு வருடம் அவள் வேகமாகப் பேசுகிறாள்.

மெர்லினின் உயிர்த்தோழி லேனா. ஒரே அணி, ஒரே பெஞ்ச், ஒரே நிறத் தலைக்கயிறு. இந்த வசந்தத்தில் லேனாவின் வீட்டார் ஊரின் மறுபக்கத்துக்குக் குடிபோனார்கள். லேனா அங்கே பக்கத்துக் கழகத்துக்கு மாறினாள். பழைய கழகம் விடுவிப்புத் தாளில் ஒப்பமிட வேண்டும், அது வரும்வரை அவள் ஆடக்கூடாது. இங்கே எதற்கும் தாள் உண்டு, பிரிவுக்கும் உண்டு.

தாள் போன மறுநாளே பயிற்சிக்குப் பொறுப்பான ஆன்யா பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். ஆன்யா பல் மருத்துவரிடம் உதவியாளர். மாலையில் பிள்ளைகளோடு ஓடுவாள்.

"லேனா போய்விட்டாள். அவளுக்கு வாழ்த்துகள். இனி நம் கார்னர் சைகைகள் எல்லாம் புதியவை. நல்ல யோசனை யாரிடமாவது இருக்கிறதா?"

அவ்வளவுதான். யாரும் முகம் சுளிக்கவில்லை. லேனா பக்கத்தில்தான் நின்றாள், விடைபெற வந்திருந்தாள். அவளும் தலையாட்டினாள். பிறகு தானாகவே, தன் காதில் விழக்கூடாது என்று தள்ளிப் போய் வேலியோரம் நின்றாள்.

நான் மைதானத்து ஓரத்தில் இருந்த மர இருக்கையில் அமர்ந்து அதைப் பார்த்தேன். எனக்கு உடம்பு சுட்டது. எதற்கு என்று முதலில் புரியவில்லை.

4

கல்லூரிக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போவோம் என்று ரெஜியும் நானும் சொல்லி வைத்திருந்தோம். நடக்கவில்லை. எனக்கு நாகர்கோவில் பக்கத்தில் பொறியியல். ரெஜிக்குச் சென்னையில் ஒரு கலைக் கல்லூரி, விளையாட்டு ஒதுக்கீடு, விடுதியில் இலவச இடம். அதில் எனக்கு வருத்தமே இல்லை. அவளைச் சென்னை பஸ்ஸில் ஏற்றி, பெட்டியைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு இறங்கியது நான்தான்.

எங்கள் கல்லூரி அணியில் பாதிக்கு மேல் தடைக்காலக் கோப்பையில் ஆடிய பிள்ளைகள். கேப்டன் ஷீபா, கோல்கீப்பர், அவளும் குளச்சல். அதனால் காற்றின் பெயர் சொல்லும் எங்கள் கூப்பாடு அப்படியே தொடர்ந்தது.

மூன்றாம் ஆண்டில், மதுரையில், மாநிலம் முழுவதும் இருந்து கல்லூரிகள் வந்த ஒரு போட்டி. நாங்கள் இறுதிக்குப் போனோம். எதிரே ரெஜியின் கல்லூரி. மாநில முகாமுக்கு ஆள் எடுப்பவர்கள் வந்து பார்ப்பார்கள் என்று சொன்னார்கள். எனக்கு அது கடைசி வாய்ப்பு. அப்பா கிளம்பும்போதே சொல்லிவிட்டார்: "முகாமுக்குக் கூப்பிட்டா நானே கொண்டு விடுகேன். கூப்பிடலன்னா இதோட பூட்ஸக் கழத்து. நாலாம் வருசம் படிப்பு மட்டுந்தான்." அப்பா கெட்டவர் இல்லை. அவரிடம் நான் கேட்டு வாங்கிய தவணை அது.

ரெஜி அன்று ஆடவில்லை. முழங்காலில் கட்டுப் போட்டு எதிரணி பெஞ்சில் இருந்தாள். ஆட்டத்துக்கு முன் நொண்டிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தாள். குனிய முடியாமல் குனிந்து என் பூட்ஸ் கயிற்றை இழுத்துப் பார்த்தாள்.

"ஏட்டி நெட்ட, நல்லா களி. ஒரு கோல் போடு. ரெண்டு போட்டா எங்க கோச் மேடம் என்னக் கொன்னுரும்."

அவள் போன பிறகு ஷீபா என்னை இழுத்தாள்.

"ஜெபா, கூப்பாட மாத்துவமா? ரெஜி அங்கனலா இருக்கா. இன்னைக்கு மட்டும் ஒண்ணு, ரெண்டுன்னு வச்சிருவோம்."

"அவ சொல்ல மாட்டா."

"சொல்லிட்டான்னா?"

"அவ அப்பா வாயில இருந்து வந்த பேருட்டி அது. அத எப்படி அவ சொல்லுவா?"

ஷீபா என் முகத்தைப் பார்த்தாள். "செரி. உன் காலு, உன் வாயி" என்று கையுறையை மாட்டப் போனாள்.

நான் ஏன் மறுத்தேன் என்று சொல்ல வேண்டும். மாற்றியிருந்தால் முதல் கார்னரிலேயே ரெஜிக்குத் தெரிந்திருக்கும். நாங்கள் அவளைச் சந்தேகப்பட்டோம் என்று அவள் அத்தனை பேர் நடுவில், அந்த பெஞ்சில் உட்கார்ந்து தெரிந்துகொள்வாள். வீட்டைவிட்டு வெளியூர் போனவளுக்காகப் பூட்டை மாற்றுகிற வழக்கம் நமக்குக் கிடையாது. அப்படி மாற்றுவதுதான் துரோகம் என்று அன்று நினைத்தேன்.

இரண்டாம் பாதி, கோல் எதுவும் விழவில்லை. எங்களுக்கு முதல் கார்னர். நான் பந்தை வைத்து, இரண்டு எட்டு பின்னால் போய், கையைத் தூக்கிக் கத்தினேன்: "கச்சான்!"

எதிரணி பெஞ்சிலிருந்து ஒரு குரல்:

"கச்சான்லா! ஏய், கச்சான்! கச்சான்!"

சென்னைப் பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவில் அந்த ராகம் தனியாகக் கேட்டது. நம் ஊர் இழுவை. என் கால் பந்தைத் தொடுவதற்கு முன்பே எதிரணியில் மூன்று பேர் வலது கம்பத்துக்கு ஓடிவிட்டார்கள். பந்து நேராக அவர்கள் தலைக்குப் போனது. அங்கிருந்து நீளமாக அடித்து, எங்கள் ஆட்கள் எல்லாரும் முன்னால் நிற்க, ஷீபா தனியாக நிற்க, கோல்.

அடுத்த கார்னரில் "வாடை" என்றேன். இந்த முறை பெஞ்சிலிருந்து சத்தம் வரவில்லை. ஆனாலும் ஒருத்தி ஓடிவந்து, பின்னால் நின்ற எங்கள் பிள்ளையை மறித்துக்கொண்டாள். அதன் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. எங்களில் யாருமே திறக்கவில்லை. அதுவரை ஓயாமல் பேசி ஆடிய பதினொரு பேர் ஊமையாக ஓடினோம். ஆட்டம் முடிவதற்கு முன்பே என்னை வெளியே எடுத்துவிட்டார்கள்.

முகாமுக்கு எங்கள் அணியிலிருந்து யாரையும் கூப்பிடவில்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பூட்ஸை நானே கழுவிக் காயவைத்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தேன். அடுத்த வருடம் முழங்கால் தேறி, ரெஜி மாநில அணியில் ஆடினாள். நாகர்கோவிலில் அவள் படம் போட்ட தட்டி வைத்தார்கள். கல்லூரி பஸ் தினமும் அதைத் தாண்டித்தான் போகும்.

5

மதுரை ஆட்டம் நடந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு ரெஜி ஊருக்கு வந்தாள். அதற்குள் கதை பரவியிருந்தது, ரெஜி சொன்னபடி: "வாயில வந்துட்டு. சின்னதுல இருந்து கத்திப் பழகின வாயி. மேட்ச் பாக்கும்போது நாம எந்தப் பக்கம்னு வாயிக்குத் தெரியுமா?" கரை முழுவதும் சிரித்தது. ஆன்றோ அண்ணன்கூட என்னிடம், "சவத்த விடு மக்கா, பிள்ளைக்குப் பழக்க தோஷம்" என்றார்.

நல்ல விளக்கம். முதல் கார்னருக்குப் பொருந்தும். என் வேலையில் ஓர் அதிர்வு ஒருமுறை வந்தால் தற்செயல் என்று குறித்து வைப்போம். சுமை இல்லாதபோதும் அது வந்தால் உள்ளே பல் உடைந்திருக்கிறது என்று பொருள். இரண்டாவது கார்னரில் அவள் கத்தவில்லை. ஆனாலும் அந்தச் சென்னைப் பெண் 'வாடை' என்ற சொல்லைக் கேட்டுப் பின்பக்கம் ஓடினாள். அவளுக்கு அது தெரிந்திருந்தது. யாரோ உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

இதை நான் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. ஷீபாவுக்குத் தெரியும். அவள் என்னிடம் அதன்பின் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசியதே இல்லை.

வெளிநாட்டில் இருப்பவர்கள் எழுதும்போது ஒரு விஷயத்தைத் தவறாமல் எழுதுவார்கள்: டிராமில் எதிர்பாராமல் தாய்மொழி காதில் விழுந்தது, நெஞ்சு குளிர்ந்தது என்று. எனக்கு அப்படி இல்லை. போன குளிர்காலத்தில் ரயில் நிலையத்தில் எனக்குப் பின்னால் இரண்டு நர்ஸ் பிள்ளைகள், நம் மாவட்டம்தான், "நீ வந்தியா, நாங் கண்டேம்லா" என்று பேசிக்கொண்டு நின்றார்கள். அந்த 'லா'வைக் கேட்டதும் நான் திரும்பிப் பார்ப்பதற்குப் பதிலாகக் கைப்பையை இறுக்கிப் பிடித்தேன். அந்தப் பிள்ளைகள் என்ன செய்தார்கள் எனக்கு? ஒன்றுமில்லை. பிறகு வெட்கப்பட்டு, ரயிலில் அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேசினேன். ஆனால் உடம்பு முதலில் செய்தது அதுதான்.

ரெஜி எடுத்துக்கொண்டது ஒரு கோப்பையை அல்ல. அந்தச் சத்தத்தை.

6

ஆன்றோ அண்ணனின் செய்தி வந்த அந்த வார ஞாயிறு மதியம் ரெஜியை அழைத்தேன். அவள் இப்போது ஊர்ப்பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. நான் பாத்திரம் துடைத்துக்கொண்டே பேசியதால் கைப்பேசியைச் சமையல் மேடையில் வைத்து ஒலிபெருக்கியில் போட்டிருந்தேன். மெர்லின் சாப்பாட்டு மேசையில் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"ஏட்டி நெட்ட! ஜெர்மனிக்காரி! செத்துட்டியோன்னு நெனச்சேன்."

"இருக்கேன். உன்னப் பத்தி எழுத ஆன்றோ அண்ணன் கேட்டாரு."

"தெரியும். நாந்தான் உன் பேரச் சொன்னேன்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. "ஏன்?"

"வேற எவளாவது எழுதினா பொய் எழுதுவா."

தட்டை வைத்தேன். "மதுரை மேட்ச் வரும், ரெஜி."

"வரட்டு."

"வாய் தவறி வந்துட்டுன்னு எழுதவா?"

அந்தப் பக்கம் மைதானத்தில் பிள்ளைகள் கத்தினார்கள். நான் விடவில்லை.

"ரெண்டாவது கார்னர்ல நீ கத்தல. அவங்க நகந்தாங்க. எப்பச் சொல்லிக் குடுத்த?"

"ரெண்டு நாளைக்கு முன்ன" என்றாள். குரல் மாறவில்லை. "ஹாஸ்டல் மொட்டமாடியில. சாக்பீஸால வரஞ்சு காட்டினேன். ஆனா பட்டணத்துப் பிள்ளைகளுக்கு லேசுல ஒறைக்கல. நீ கூப்பிட்டும் முழிச்சிட்டு நிக்குகாளுக. மேடம் என்னையே பாக்குகு. அதான் கத்தினேன்."

"சோறு திங்குத கை?"

"என்ன?"

"கச்சான்னா சோறு திங்குத கை. அதையும் சொல்லிக் குடுத்தியா?"

"அதச் சொன்னாத்தான மனசுல நிக்கும்."

மெர்லின் பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"மூணு மாசம் முட்டு வீங்கி பெஞ்சுல இருந்தேன்" என்றாள் ரெஜி. "களிக்காத பிள்ளைக்கு ஹாஸ்டல்ல எதுக்கு எடம்னு மேடம் கேக்குகு. ஊருக்குத் திரும்பி வந்தா எனக்கு என்னட்டி இருக்கு? காலும் இல்ல. குடுக்கதுக்கு என்ட்ட நம்ம கூப்பாடு மட்டுந்தான் இருந்து."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா. காலையில என் கயித்த இழுத்துப் பாத்தியே, அப்பச் சொல்லியிருக்கலாம். மாத்தியிருப்போம்."

"நீங்க மாத்திருப்பீங்கன்னுதான் நெனச்சேன். நான் எதிர்ல இருக்கேன், எவளா இருந்தாலும் மாத்தத்தான் செய்வா. மாத்திட்டா நான் சொல்லிக் குடுத்ததும் வீண், உங்களுக்கும் நட்டமில்ல, என் எடமும் நிக்கும்னு கணக்குப் போட்டேன். நீ கைய தூக்கிக் கச்சான்னு கத்துக." மூச்சு விட்டாள். "நீ ஏன்ட்டி மாத்தல?"

"நீ இருக்கன்னுதான்."

அங்கே ஒரு விசில் சத்தம். அவள் ஊதியதா வேறு யாராவது ஊதியதா தெரியவில்லை.

"எழுது" என்றாள் கடைசியில். "எல்லாத்தையும் எழுது. நான் பொன்னாடையப் போத்திட்டு நிக்கும்போது எல்லாரும் வாசிக்கட்டு."

மன்னிப்பு என்று ஒரு சொல் அவள் சொல்லவில்லை. நானும் பரவாயில்லை என்று சொல்லவில்லை. பரவாயில்லை என்று ஆகிவிடவில்லை. இவ்வளவு வருடம் கழித்துத் தெரிந்த பிறகும் அது ஆறவில்லை, இன்னும் கொஞ்சம் ஆழமாகத்தான் இறங்கியது. அவள் என்னை நினைக்காமல் செய்தாள் என்று நம்பியிருந்தேன். நினைத்து, என்னைக் கணக்கில் சேர்த்து, கணக்குத் தப்பிப் போயிருக்கிறது.

ஆன்றோ அண்ணா, ரெஜிக்குப் பொன்னாடை போர்த்துங்கள். மேலே இரண்டாம் பகுதியில் எழுதிய அனைத்துக்கும் அவள் தகுதியானவள். நான் வர மாட்டேன், கைதட்டவும் மாட்டேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். குரல் செய்தியோடு நீங்கள் அனுப்பிய காணொளியில் இப்போதைய பிள்ளைகளும் அதே காற்றுப் பெயர்களைக் கூப்பிடுகிறார்கள். நம் அணியிலிருந்து ஒருத்தி வெளியூர்க் கல்லூரிக்குப் போனால் மறுநாளே கூப்பாட்டை மாற்றச் சொல்லுங்கள். அவள் முன்னாலேயே சொல்லி மாற்றுங்கள். போகிறவளுக்கும் அதுதான் நல்லது. யாராவது கேட்டால், கொடுப்பதற்கு அவளிடம் ஒன்றும் இருக்காது.

7

அன்று மாலை மெர்லின் என்னிடம் வந்தாள்.

"அம்மா, கச்சான்னா என்ன?"

"ஒரு காற்று."

"அந்த ஆன்ட்டி அதை வேற டீமுக்குச் சொன்னாங்களா?"

"ஆமா."

அவள் யோசித்தாள். "லேனாவுக்கு அது தெரியாது. புது கார்னர் சைகைன்னு நான் ஆன்யாகிட்ட சொல்லட்டுமா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அன்று மதியம்வரை அந்தச் சொற்களை இந்த வீட்டில் நான் ஒருநாளும் உரக்கச் சொன்னதில்லை. ஆனால் என் மகள் என்னிடம் ஜெர்மன் அல்லாத ஒரு சொல்லைத் தானாகக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகிறது. அவள் தோளைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினேன். "அதுதான் கடல்" என்றேன். எதிர்வீட்டுச் சுவர்தான் தெரிந்தது. "சோறு சாப்பிடும் கை எது?"

அவள் இரண்டு கைகளையும் பார்த்தாள். "முள்கரண்டிக் கையா, கத்திக் கையா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பென்சில் பிடிக்கிற கை. அதான் கச்சான்."

நான்கையும் சொல்லிக் கொடுத்தேன். பிறகு, "யாராவது டீமை விட்டுப் போனா இதை மாத்திடணும்" என்றேன்.

"ஆமா, தெரிஞ்சதுதானே" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு அவள் பல் தேய்க்கப் போனாள்.

சென்ற சனிக்கிழமை லேனாவின் புதிய அணியோடு ஆட்டம். லேனா ஓடிவந்து மெர்லினைக் கட்டிக்கொண்டாள். இருவரும் தலைக்கயிற்றை ஒப்பிட்டுப் பார்த்துச் சிரித்தார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஜூன் மாதத்துக் குளச்சல் போல என்று எழுத ஆசைதான், ஆனால் இங்கே மழைக்கு வாசனை இல்லை.

முதல் கார்னர் மெர்லினுக்கு. பந்தை வைத்து, இரண்டு எட்டு பின்னால் போனாள். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. லேனா கோல் கம்பத்துப் பக்கம் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெர்லின் கையைத் தூக்கினாள்.

"காட்ஷான்!"

கோட்டுக்கு வெளியே, சேற்றில், என் உடம்பு தானாக வலது பக்கம் சாய்ந்தது. எதிரணி பெஞ்சைப் பார்த்தேன். நனைந்த பிள்ளைகள், ஒரு தண்ணீர்ப் புட்டி, குடை பிடித்த ஒரு தகப்பன்.

அந்தச் சொல்லைக் கேட்டு எதிரணியில் ஒருவர்கூட நகரவில்லை.